கைக்குழந்தையும் புதுப் பட்டணமும்

புதிதாக ஒரு பட்டணத்தில் குடியேறுகிறவர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கக்கூடிய வஸ்து ஒன்று உண்டு. அதுதான் யோசனை. எந்தப் பேட்டையில் வாடகை மலிவு, எந்தத் தெருவில் தண்ணீர் நல்லது, மழைக்காலத்தில் எந்தச் சாலையில் முழங்கால் மட்டும் வெள்ளம் நிற்கும் என்பதையெல்லாம் நாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். ஆனால், கையில் ஒரு பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு, சுற்றம் என்று சொல்ல ஒருவரும் இல்லாத ஊரில், சனிக்கிழமையையும் ஞாயிற்றுக்கிழமையையும் எவ்விதம் கழிப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

கேட்டுப் பார்த்தால் இந்த விஷயத்தில் இரண்டு கட்சிகள் இருப்பது தெரியவரும். முதலாவது, பெரியவர்களின் கட்சி. "குழந்தை நடக்க ஆரம்பிக்கட்டும், அப்புறம் ஊர் சுற்றலாம்" என்பது அவர்கள் தீர்மானம். இரண்டாவது, வாலிபர்களின் கட்சி. காலையில் கோயில், பத்து மணிக்குப் பொருட்காட்சி சாலை, நடுப்பகலில் ஜவுளிக்கடை, மாலையில் கடற்கரை, இரவில் ஹோட்டல் என்று ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஊரையே வலம் வந்துவிட வேண்டும் என்பது இவர்கள் தீர்மானம். முதற் கட்சியின் சொற்படி நடந்தால் தாய் வாடிப்போவாள். இரண்டாம் கட்சியின் சொற்படி நடந்தால் குழந்தை வாடிப்போகும்.

இரண்டு கட்சியாருக்கும் நமஸ்காரம் சொல்லிவிட்டு, மூன்றாவதாக ஓர் அபிப்பிராயத்தை நேயர்கள் முன் வைக்கிறோம். ஒரு புது ஊரைச் சரியானபடி தெரிந்துகொள்வதற்குக் கைக்குழந்தையைப்போல நல்ல வழிகாட்டி கிடையாது. பெரிய மனிதர்கள் கண்டுகொள்ளாத நிழலையும் வெயிலையும், திண்ணையையும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியையும், நடைபாதையில் உள்ள பள்ளத்தையும் அது நமக்குக் காட்டிக் கொடுக்கும். அதோடு, ஊர் மக்களின் மனத்தையும் காட்டிக் கொடுக்கும்.

நாலு சுவருக்குள்

இதை நாம் ஏட்டறிவைக் கொண்டு சொல்லவில்லை. சென்ற ஆண்டு உத்தியோக நிமித்தமாகத் தென்பாண்டிச் சீமையிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்து வந்தோம். வரும்போது குழந்தைக்கு ஐந்து மாதம். நாற்பது பிராயத்துக்கு மேல் வந்து பிறந்த பெண். ரயிலிலும் பஸ்ஸிலும் "பேத்தியா?" என்று அன்புடன் விசாரிக்கிறவர்களுக்கெல்லாம் "மகள்" என்று விநயமாகப் பதில் சொல்லப் பழகிக்கொண்டு விட்டோம்.

பள்ளிக்கூட வாத்தியாருக்குப் புது ஊர் என்பது இரண்டு வாரத்துச் சமாசாரம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள், ஆசிரியர் அறையில் பத்துப் பேர் என்று ஆகிவிடுகிறது. வீட்டில் இருப்பவர்களின் கதை வேறு. சொந்த ஊரில் குழந்தை ஒருமுறை வீறிட்டால் எதிர் வீட்டிலிருந்து ஒருவர் வருவார். பக்கத்து வீட்டிலிருந்து இருவர் வருவார்கள். சென்னையில் நாம் குடியிருப்பது மூன்றாவது மாடி. கதவைச் சாத்திவிட்டால், குழந்தை எவ்வளவு அழுதாலும் அடுத்த வீட்டார் வெகு கண்ணியமாகக் காதில் வாங்கிக்கொள்ளாமல் இருந்துவிடுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் நம் வீட்டு அம்மாள் சொன்னதை இங்கே எழுதுவதற்கு அவளிடம் அனுமதி பெற்றிருக்கிறோம். "காலையில் நீங்கள் போனதிலிருந்து மூன்று பேரோடு பேசியிருக்கிறேன். ஒருவர் பால்காரர், ஒருவர் காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், மூன்றாவது பாப்பா. இந்த ஊரில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒருத்தருமில்லை" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நாம் அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டோம்.

பிரசவத்துக்குப் பின் தாய்மார்களைப் பிடிக்கும் மனச்சோர்வு ஒரு நோய் என்பதை வைத்தியர்கள் எப்போதோ ஒப்புக்கொண்டு விட்டார்கள். நம் குடும்பங்கள்தாம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, குழந்தையின் மீதே வெறுப்பு என்று அது முற்றுமானால் கடற்கரைக் காற்றை நம்பிக் காலம் கடத்தக் கூடாது. உடனே வைத்தியரிடம் போக வேண்டும். 14416 என்ற எண்ணில் மனநல யோசனைக்கென்று தேசிய அளவில் ஒரு தொலைபேசிச் சேவை 2022-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. நோய் என்ற நிலையை எட்டாத தனிமைக்கோ, வாரத்தில் இரண்டு நாள் வெளியே புறப்படுவது பெரிய ஆறுதல். ஆகையால் சனி, ஞாயிறு உலாவை ஆடம்பரச் செலவின் கீழ் எழுதாமல், பாலுக்கும் மருந்துக்கும் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது நம் கட்சி.

முதல் யாத்திரை: சொந்தத் தெரு

முதல் ஞாயிற்றுக்கிழமையில் கடற்கரைக்குப் போக வேண்டாம். நம் தெருவுக்குப் போனால் போதும். வீட்டிலிருந்து அரை மைல் தூரம் நாலு திசையிலும் குழந்தையோடு நடந்து பார்க்க வேண்டும். குழந்தை வைத்தியர் எங்கே இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமையிலும் அவர் பார்ப்பாரா, இரவு பத்து மணிக்கு மேல் திறந்திருக்கும் மருந்துக்கடை எது, தடுப்பூசி போடுகிற நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம், அவசியம் வருவதற்கு முன்பே காலால் நடந்து கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்பது மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசி இருக்கிறது. புது ஊர் என்று அது காத்திருக்காது. 108 என்ற எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய அடையாளம், அதாவது பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச் சந்து, தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்த கட்டடம் என்பது, தெருவில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த நடையில் இன்னொரு லாபமும் உண்டு. தனியாகப் போகிற ஆணைத் தெரு சந்தேகத்தோடு பார்க்கும். தம்பதிகளாகப் போகிறவர்களைப் பார்க்கவே பார்க்காது. குழந்தையோடு போகிறவர்களை நிறுத்தி வைத்துப் பேசும். இஸ்திரிக்காரர், பூக்காரி, கீரை விற்கும் ஆயா, வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் ஓய்வு பெற்ற தபால் ஆபீஸ் பெரியவர் ஆகிய எல்லாரும் முதல் நாளே குழந்தையின் பெயரைக் கேட்டார்கள். அதன் தலைமுடி, பல், சளி ஆகிய விஷயங்களில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அந்த வைத்தியங்களை நாம் கடைப்பிடிக்கவில்லை. ஆனால் சொன்ன மனிதர்களை விடாமல் பிடித்துக்கொண்டோம்.

குழந்தையின் கடிகாரம்

இரண்டாவது விதி, நேரம் சம்பந்தமானது. கைக்குழந்தையின் பஞ்சாங்கத்தில் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் வேறு. காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரையில் நல்ல நேரம். மாலை நாலரை மணிக்கு மேல் விளக்கு வைக்கும் வரையில் நல்ல நேரம். நடுவில் உள்ளது தூக்கத்துக்கும் சோற்றுக்கும் உரியது. சென்னையில் மார்கழி, தை, மாசி ஆகிய மாதங்களில் இந்த நேரத்தைச் சற்று நீட்டிக்கொள்ளலாம். அக்கினி நட்சத்திரத்தில் சுருக்கிக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வானத்தையும் வானொலியையும் கேட்டுக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.

மூன்றாவது விதி: ஒரு நாளைக்கு ஓர் இடம். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. ஓர் இடத்துக்குப் போய், அதில் ஒரு மூலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் குற்றமில்லை. ஊர் எங்கேயும் ஓடிப்போய்விடாது. 1639-ஆம் ஆண்டில் கும்பினியார் கோட்டை கட்ட இடம் வாங்கிய காலத்திலிருந்து இங்கேதான் இருக்கிறது.

மூட்டை விஷயத்திலும் ஒரு வார்த்தை. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் தேவையில்லை என்பது வைத்திய சாஸ்திரம், தண்ணீர்கூட வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு மேல் ஆனால், வீட்டில் மசித்த சாதமும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் கூட வரட்டும். மாற்றுத் துணி மூன்று, துண்டு ஒன்று, பருத்தித் தொப்பி ஒன்று, இவ்வளவு போதும். குழந்தைக்கு என்று எடுத்துச் செல்லும் மூட்டை குழந்தையைவிடக் கனமாகி விட்டால், அந்த உலா அன்றைக்கே கசந்துவிடும்.

ரயிலில் கிடைத்த ஆறு பாட்டிகள்

இனி வாகனங்கள். வாடகை மோட்டாரில் போனால் ஊர் ஜன்னலுக்கு வெளியே ஓடும். நமக்கும் அதற்கும் சம்பந்தம் ஏற்படாது. சென்னையில் ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் ஏற்ற வாகனங்கள் மூன்று இருக்கின்றன. சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்கு 2021-ஆம் ஆண்டு முதல் டிக்கெட் இல்லை. 2015-ல் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலில் லிப்டும் குளிர்ச்சியும் உண்டு. தூங்குகிற குழந்தைக்கு அதைப்போல் உகந்தது இல்லை.

நம் மனத்துக்குப் பிடித்தது மூன்றாவதுதான். கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அந்தத் தடத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நம் வீட்டு அம்மாள் குழந்தையோடு பெண்கள் பெட்டியில் ஏறிக்கொள்வாள். நாம் அடுத்த பெட்டியில் தனியாக உட்கார்ந்திருப்போம். முதல் தடவை குரோம்பேட்டையில் ஏறியபோது அவள் முகத்தில் இருந்த தயக்கம் நமக்கு நினைவிருக்கிறது. மாம்பலத்தில் இறங்கும்போது குழந்தைக்கு ஆறு பாட்டிகள் கிடைத்திருந்தார்கள். ஒருவர் கையில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் வளையலைக் கழற்றி விளையாடக் கொடுத்திருந்தார். இறங்குகிற சமயத்தில் வளையலைத் திருப்பிக் கொடுக்க மறுத்த குழந்தையினால் ரயில் தாமதமாகாமல் இருந்தது தெய்வாதீனம். பிரசவத்துக்குப் பின் தலைமுடி கொட்டுவதைப் பற்றி அந்த இருபது நிமிஷத்தில் நடந்த மகாநாட்டின் நடவடிக்கைகளை அவள் அன்று இரவு வரையில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேல்நாட்டுப் படங்களில் அது அழகாக இருக்கிறது. சென்னையின் நடைபாதைகளில் நிற்கிற தள்ளுவண்டிகள் அநேகம் உண்டு. நகர்கிற தள்ளுவண்டிகளுக்குத்தான் இடமில்லை. மின்சாரப் பெட்டி, மோட்டார் சைக்கிள், கடைப் பலகை, தோண்டிப்போட்ட மண் ஆகியவை மாறி மாறி வரும். 2014-ஆம் ஆண்டிலேயே சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் சாலையில் உரிய இடம் தரவேண்டும் என்று ஒரு கொள்கையை வகுத்தது. 2019-ல் தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை அமைத்துத் திறந்தார்கள். அங்கே போய்ப் பார்த்தால், நினைத்தால் நம்மாலும் செய்ய முடியும் என்ற தைரியம் பிறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைகள் திறக்கும் முன்பு, குழந்தை வண்டியைக் கல் தடுக்காமல் அங்கே தள்ளிக்கொண்டு போகலாம். பாண்டி பஜாரிலிருந்து கூப்பிடு தூரத்தில் ரங்கநாதன் தெரு இருக்கிறது. அதற்குள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கைக்குழந்தையோடு நுழைவதற்கு மிகுந்த புண்ணியம் செய்திருக்க வேண்டும்.

கடலும் விளக்கும்

கடற்கரைக்கு ஜனங்கள் மாலையில் போவார்கள். குழந்தை உள்ளவர்கள் காலையில் போக வேண்டும். ஆறரை மணிக்கு மெரீனாவில் கூட்டம் இல்லை, மணல் சுடுவதில்லை, சூரியன் கடலுக்கு மேலே ஒரு பனை உயரத்தில்தான் நிற்கிறான். 1880-களில் இந்தக் கரையோரமாக உலாவும் சாலையை அமைத்து, மெரீனா என்று பெயரிட்டவர் கிராண்ட் டஃப் என்னும் கவர்னர். அந்தச் சாலையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தால் இரண்டு நூற்றாண்டுச் சரித்திரம் கண்ணில் படும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் அதில் தங்கியதால் இப்போது விவேகானந்தர் இல்லம் என்று பெயர். சுதந்திரப் போராட்டக் காலத்தில் தலைவர்கள் பேசிய திலகர் கட்டம் இருக்கிறது. உள்ளே திருவல்லிக்கேணியில், 1921-ல் காலமான பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. மகள் அந்த வீட்டில் முக்கால் மணி நேரம் நன்றாகத் தூங்கினாள். பெரியவளான பிறகு, "பாரதியார் வீட்டில் நான் தூங்கியிருக்கிறேன்" என்று அவள் சொல்லிக்கொள்ளலாம்.

தெற்கே கலங்கரை விளக்கம். சென்னையின் முதல் விளக்கு 1796-ல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மாடியில் எரிந்தது. இரண்டாவது, 1844-ல் தனித் தூணாக எழுந்தது. அந்தத் தூணை ஹைக்கோர்ட்டு வளாகத்தில் இன்றும் காணலாம். மூன்றாவது, 1894-ல் ஹைக்கோர்ட்டுக் கோபுரத்தின் உச்சிக்கே ஏறிவிட்டது. நாலாவதாகிய இப்போதைய விளக்கு 1977-ல் வந்தது. இதற்கு லிப்டு உண்டு. நம் மாணவர்களுக்கானால் இந்த நாலு ஆண்டுகளையும் நெட்டுருப் போடச் சொல்லியிருப்போம். மகளுக்கு விளக்கும் வேண்டாம், ஆண்டும் வேண்டாம். பக்கத்தில் கட்டியிருந்த ஓர் ஆட்டுக்குட்டியைப் பார்த்துக் கை நீட்டினாள். அரை மணி நேரம் அந்த ஆட்டுக்குட்டியோடு கழிந்தது. அதற்குச் சொந்தக்காரியான மீனவப் பெண்மணி நம் வீட்டு அம்மாளுக்கு எந்த மீனில் முள் குறைவு, எது பாலூட்டும் தாய்க்கு நல்லது என்று விஸ்தாரமாக எடுத்துச் சொன்னாள். சுத்த சைவமாகிய நாங்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டோம்.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் அலைக்கு அருகில் போகவேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு இறுதியில் மெரீனா மணலில் மரப்பாதை ஒன்று போட்டார்கள். சில நாட்களுக்குள் புயல் அதைச் சிதைத்தது, மறுபடியும் செப்பனிட்டார்கள். சக்கர நாற்காலிக்கு வழி உண்டான இடத்தில் குழந்தை வண்டிக்கும், கைத்தடி ஊன்றிய கிழவருக்கும் தானாகவே வழி உண்டாகிறது. ஆனால் யாருக்காகப் போட்டார்களோ அவர்களுக்கு முதலில் வழி விட்டு, மற்றவர்கள் பின்னால் போவதே முறை.

யானையும் திமிங்கிலமும்

எழும்பூர்ப் பொருட்காட்சி சாலை 1851-ல் ஏற்பட்டது. வெள்ளிக்கிழமை விடுமுறை; ஆகையால் சனி, ஞாயிறுக்குப் பாதகமில்லை. திருவாலங்காட்டு நடராஜர் இங்கே இருக்கிறார். அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. பெரிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. 1855-ல் இந்த வளாகத்திலேயே உயிருள்ள மிருகங்களையும் வைத்துக் காட்டினார்கள். அந்த மிருகக்காட்சி சாலைதான் பிற்பாடு மூர்மார்க்கெட் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-ல் வண்டலூரில் விசாலமாகத் திறக்கப்பட்டது.

இவ்வளவையும் ஒரே நாளில் பார்க்க முயல்கிறவர்களின் குழந்தைகள் நடராஜரின் சந்நிதியிலேயே ஊழித் தாண்டவம் ஆடிவிடும். செப்புத் திருமேனிகள் உள்ள கட்டடத்துக்கு மட்டும் நாம் மூன்று தடவை போனோம். ஒரு தடவைக்கு அரை மணி நேரம். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதன் எதிரில் நிற்பது என்று வைத்துக்கொண்டோம். அதனால், ஆயிரம் பேர் அவசரமாகக் கடந்துபோகும் ஒரு சிறு அம்மன் திருமேனியின் முன்னால் பத்து நிமிஷம் நிற்க நேர்ந்தது. விரல்களின் மடிப்பும் இடையின் வளைவும் எவ்வளவு நுட்பமானவை என்று அப்போதுதான் கண்ணுக்குப் புலப்பட்டது. மகள் பார்த்துக்கொண்டிருந்தது அம்மனையா, கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையா என்பது விவாதத்துக்குரியது.

கிண்டிக்கும் போகத்தான் வேண்டும். ஒரு பெரிய நகரத்தின் நடுவே 2.7 சதுர கிலோமீட்டரில் ஒரு தேசியப் பூங்கா இருப்பது அபூர்வமான பாக்கியம். 1978-ல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். புள்ளிமானும் வெளிமானும் அங்கே வசிக்கின்றன. அதை ஒட்டிய சிறுவர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போனால் மனிதர்களைப் பார்க்கலாம். திறந்த உடனே போனால் மான்களைப் பார்க்கலாம்.

மார்கழி வந்தால் மயிலாப்பூர். நாலரை மணிக்கே விழித்துக்கொண்டு வீட்டாரையும் எழுப்பிவிடும் குழந்தையை வைத்திருப்பவர்களுக்கு இந்த மாதம் வரப்பிரசாதம். பாபநாசம் சிவன் பல்லாண்டு காலம் முன்நின்று நடத்திய பஜனையின் வழியில், கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளில் விடியற்காலையில் பாடிக்கொண்டு போகிறார்கள். டிக்கெட் கிடையாது, குழந்தை அழுதால் திரும்பிப் பார்ப்பாரும் கிடையாது. பிற்பகலில் சபைகளுக்குப் போய்க் கச்சேரி கேட்கும் எண்ணத்தை இன்னும் மூன்று ஆண்டுக்கு ஒத்திவைக்கலாம். சபைக் காண்டீனை ஒத்திவைக்க வேண்டிய அவசியமில்லை.

ஒரு புடைவைத் திரை

இதுவரை சொன்னதெல்லாம் இன்பமான பகுதி. பசி என்ற ஒன்று இருக்கிறது. கைக்குழந்தைக்கு அது அறிவிப்பில்லாமல் வரும். 2015-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டுவதற்குத் தனி அறைகளை ஏற்படுத்தியது. மெச்சத்தக்க காரியம். ஆனால் பஸ் நிலையம் இல்லாத இடத்திலும் குழந்தைக்குப் பசிக்கிறது. பூங்காக்களிலும் கடைவீதிகளிலும் கடற்கரையிலும் ஒரு தாய் அச்சமில்லாமல் உட்காரக்கூடிய நிழலான ஓர் இடம் எத்தனை உண்டு என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிச்சமாகின்றன.

ஒரு பெரிய ஜவுளிக்கடையில் நம் குழந்தை பசித்து அழுதது. மேற்பார்வையாளரைக் கேட்டோம். அவர் மிகுந்த மரியாதையுடன் வெளி வாசலைக் காட்டினார். இதைக் கவனித்துக்கொண்டிருந்த விற்பனைப் பெண் ஒருத்தி, இருபது வயதுதான் இருக்கும், "அக்கா, இப்படி வாங்க" என்று நம் வீட்டு அம்மாளை மூலைக்கு அழைத்துப் போனாள். தான் நாள் முழுவதும் உட்காரக் கொடுக்காத முக்காலி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டாள். இன்னொரு பெண்ணையும் கூப்பிட்டு, ஒரு பட்டுப் புடைவையை விரித்து இருவரும் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு திரையாக நின்றார்கள். குழந்தை பால் குடித்து முடியும் வரையில், வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் புடைவையின் ஜரிகையைப் பற்றி உரத்த குரலில் வர்ணித்துக்கொண்டே நின்றார்கள்.

அந்தப் பெண்களின் குணத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் ஒரு நகரம் எப்போதும் யாரோ இரண்டு பெண்களின் நல்ல குணத்தை நம்பிக்கொண்டே இருக்கலாமா? நிற்க நிழல், உட்காரப் பலகை, நடக்கப் பாதை, பாலூட்ட ஒரு மறைவு, துணி மாற்ற ஒரு மேடை, குடிக்க நல்ல நீர் என்று ஒரு வயது நிரம்பாத பிரஜைகளுக்கு வேண்டியவை இவ்வளவுதான். அவர்கள் ஓட்டுப் போடுவதில்லை, மனு எழுதுவதில்லை. ஆகையால் அவர்களுக்காக மற்றவர்கள் கேட்க வேண்டும். வார்டுக் கவுன்சிலரிடம் கேட்கலாம், மாநகராட்சிக்கு எழுதலாம், கடை முதலாளியிடம் நேரில் சொல்லலாம். குழந்தைக்காகச் செய்கிற வசதி கிழவருக்கும் கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் சேர்ந்தே பயன்படுகிறது என்பதையும் எடுத்துக் காட்டலாம்.

பழைய குடிகளுக்கு ஒரு விண்ணப்பம்

ஓர் ஆண்டு ஆகிறது. நாம் பார்த்த இடங்களைக் கணக்கிட்டால், வாலிபக் கட்சியார் இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்து முடிப்பவைதாம். ஆயினும், எழும்பூர் வளாகத்தில் எந்த மரத்தடியில் பத்து மணிக்கும் நிழல் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். கடற்கரையில் எந்த இடத்தில் சங்கு அதிகம் ஒதுங்கும் என்பதும் தெரியும். வீட்டு அம்மாளுக்கு இதைவிட அதிகம் தெரியும். பூக்காரியின் மகனுக்கு எந்தப் பாடத்தில் மார்க்குக் குறைவு என்பது முதற்கொண்டு தெரியும். இப்போது வாரநாட்களில் மாலை நாலரை மணிக்கு அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தானாகவே கீழே இறங்கிவிடுகிறாள். தெருவில் அவளைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். "பாப்பா அம்மா" என்று அழைப்பவர்களை எண்ணி முடியாது.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் புதுக்குடிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. பழைய குடிகளுக்கும் ஒரு வார்த்தை உண்டு. உங்கள் தெருவிலோ, அடுக்கு வீட்டிலோ புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கும். மாடியில் குழந்தைத் துணிகள் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். இரவு இரண்டு மணிக்கு அழுகைச் சத்தமும் கேட்டிருக்கும். கண்ணியமாகக் காதில் வாங்காமல் இருந்திருப்பீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள். போகும்போது பலகாரம் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம். குழந்தையின் பெயரைக் கேளுங்கள். பிறகு, மறக்காமல் தாயின் பெயரையும் கேளுங்கள்.